நாலுக்கு மூன்று

பிப்ரவரி 3

மூக்குக்கண்ணாடிக் கடை உரிமையாளரும் நீதிபதிகள் தேர்வுக் குழு உறுப்பினருமான அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தொலைபேசி எண் மாறிவிட்டது. புதிய எண்ணை எனக்குத் தரக் கூடாது என்று வீட்டில் உத்தரவாம். அண்ணியிடம் கேட்டபோது மென்று விழுங்கினார். அதனால்தான் கடிதம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் காலியான ஓர் இடத்துக்குப் பதினொரு பேர் விண்ணப்பித்தோம். உங்கள் குழு மூன்று பெயர்களை ஆளுநருக்கு அனுப்பியிருக்கிறது. அதில் ஒருவரை அவர் நியமிப்பார். மூன்றில் என் பெயரும் இருக்கிறது. வாக்கெடுப்பு இரகசியம்தான், ஆனால் மதியச் சாப்பாட்டுக்குள் எண்ணிக்கை எங்கள் நீதிமன்ற எழுத்தர் காதுக்கு வந்துவிட்டது. எனக்கு ஆதரவாக நாலு, எதிராக மூன்று. நாலுக்குக் குறைந்தால் பெயர் போகாது. ஒரு வாக்கு மாறியிருந்தால் நான் வெளியே.

நேர்காணல் அன்று உள்ளே வந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது நீங்கள்தான். நீள மேசையின் வலது கோடி, சாம்பல் நிறச் சட்டை, தலை பாதி நரைத்துவிட்டது. நீங்கள் குழுவில் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தீர்கள். உறவினர் விண்ணப்பித்தால் உறுப்பினர் எழுந்து வெளியே போக வேண்டும் என்பது விதி. வாக்கெடுப்புக்கு முன் போய்விடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். போயிருந்தால் மொத்தம் ஆறு வாக்குதானே விழுந்திருக்க வேண்டும்? நாலும் மூன்றும் ஏழு. கணக்கில் நான் அவ்வளவு மோசமில்லை.

நேற்று ஆளுநரின் சட்ட ஆலோசகர் தொலைபேசியில் கூப்பிட்டார். பத்து நிமிடம் பொதுவாகப் பேசிவிட்டு, போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டார்: "மேடம், உங்க குடும்பத்துல யாருக்காவது உங்கமேல மனத்தாங்கல் உண்டா?" இந்தக் கேள்வி ஆகாயத்திலிருந்தா குதித்தது?

குழுவில் எனக்கு எதிராக வாக்குப் போட்டது போதாதென்று ஆளுநர் அலுவலகம் வரை போய்ப் பற்ற வைத்தீர்களா? ஆம், இல்லை என்று ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
மாவட்ட நீதிபதி
(ஒரு காலத்தில் உங்கள் தங்கை)


பிப்ரவரி 9

மாண்புமிகு சட்டாம்பிள்ளை அவர்களுக்கு,

கடிதம் வந்தது. அலுவலக உறை, அலுவலக முத்திரை. கடையில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் எனக்குச் சம்மன் வந்திருக்கிறது என்று நினைத்துக் கண்ணாடி வாங்காமலே நழுவிவிட்டார்கள். ஏழு வருஷம் கழித்து எழுதுகிறவள் ஒரு சாதாரண உறை வாங்கியிருக்கலாம்.

நீ 'நீங்கள்' என்று எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. எட்டு வயதில், என் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டு, "நீதான் பிடுங்கினே, நான் பார்த்தேன்" என்று அப்பா முன்னால் என்னையே மாட்டிவிட்டவள் நீ. அன்றிலிருந்து குற்றம் சாட்டுவதும் நீயே, சாட்சியும் நீயே, தீர்ப்பும் நீயே.

நான் எப்படி வாக்களித்தேன் என்று கேட்கிறாய். இரகசிய வாக்கு. சட்டம் படித்தவளுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? குழுவில் சேர்ந்த முதல் நாளே எங்களைப் போன்ற சாதாரண ஆட்களை உட்கார வைத்து வகுப்பு எடுத்தார்கள். கீழே ஊர் நீதிமன்றம், சிறு வழக்கு, வண்டி வழக்கு. அதற்கு மேல் மாவட்டம், பெரிய வழக்கு. அதற்கு மேல் மேல்முறையீடு, கீழே செய்த தப்பைப் பார்க்க. எல்லாவற்றுக்கும் மேலே உச்ச நீதிமன்றம், மேல்முறையீட்டில் செய்த தப்பைப் பார்க்க. "அப்ப உச்ச நீதிமன்றம் பண்ற தப்ப யாரு பார்ப்பா?" என்று கேட்டேன். வகுப்பு எடுத்தவர் டீ வந்துவிட்டது என்றார்.

குழுவுக்குத் தலைவராகத் தலைமை நீதிபதி ஒருவர், வக்கீல்கள் தேர்ந்தெடுத்த வக்கீல்கள் மூன்று பேர், ஆளுநர் நியமித்த பொதுமக்கள் மூன்று பேர். அந்த மூன்றில் நான் ஒருவன், லாரி முதலாளி ஒருவர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர். நீ விண்ணப்பிப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே நான் உள்ளே வந்தாயிற்று. உனக்குக் குழி பறிக்கத்தான் வந்தேன் என்று கற்பனை செய்திருந்தால், அதைக் கொஞ்சம் தட்டிச் சரிசெய்துகொள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நீ என்னைப் பார்த்தாய். பென்சில் உருட்டியது வரை பார்த்திருக்கிறாய். "அந்தக் கோடியில இருக்கறவர் என் அண்ணன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? வாய் வரவில்லை. விதி எனக்கு மட்டும்தானா?

இன்னொன்று. என் கையெழுத்தில் எதையோ வாங்கிக் கோப்பில் செருகத்தான் இந்தக் கேள்வியெல்லாம் என்று தோன்றுகிறது. ஆம், இல்லை என்று ஒரு வரி கேட்கிறாயே, சாட்சிக் கூண்டில் நிற்பவனிடம் கேட்பதுபோல. என் வாயைப் பிடுங்காதே.

ஆளுநர் அலுவலகத்தில் எனக்கு யாரையும் தெரியாது.

கண்ணாடிக்காரன்


பிப்ரவரி 14

அண்ணனுக்கு,

சரி, 'நீ' என்றே எழுதுகிறேன். நீ பதில் சொல்லவில்லை. சைக்கிள், டீ, உறை என்று ஊர் சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரு வரி. கூண்டில் ஏறி நின்று இப்படிப் பேசுகிறவர்களை வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். நேர்க் கேள்விக்குப் பக்கவாட்டில் பதில் சொல்கிறவன் எதையோ மறைக்கிறான்.

நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டாய். நீ முன்பே தலைவரிடம் சொல்லியிருப்பாய், நேர்காணலுக்கு மட்டும் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று எண்ணினேன். அதுதான் உண்மை. நம்பினால் நம்பு.

நீ எதை மனதில் வைத்து இதைச் செய்தாய் என்று எனக்குத் தெரியாதா? உன் மகன் விஷயம்தானே? சரக்கு வேனை ஓட்டிப் போய்ச் சைக்கிள்காரர் ஒருவரை இடித்து அவர் காலை முறித்தான். வழக்கு என் நீதிமன்றத்துக்கு வந்தது. அவன் எனக்கு மருமகன், நான் விசாரிக்க முடியாது. 'சொந்தக் காரணம்' என்று எழுதிப் பக்கத்து மாவட்டத்துக்கு மாற்றினேன். அங்கே இருந்தவர் எட்டு மாதம் சிறை கொடுத்தார். அவர் கடுமையானவர் என்பதற்கு நான் என்ன செய்வேன்? நான் வைத்துக்கொண்டு மூன்று மாதம் கொடுத்திருந்தால் அந்தச் சைக்கிள்காரர் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்? "அத்தைதானே, விட்டுட்டா" என்றுதானே? இன்றைக்கும் அதே வழக்கு வந்தால் அதையேதான் செய்வேன்.

அதற்கு ஏழு வருஷம் காத்திருந்து, மேசைக்கு அடியில் சீட்டை மடித்துப் போட்டிருக்கிறாய். அதுவும் போதாமல் ஆலோசகரின் காதைக் கடித்திருக்கிறாய். வேறு யாருக்குத் தெரியும் நம் வீட்டுப் பகை? என் கணவர் சொல்கிறார், "விடு, எப்படியும் மூணு பேர்ல வந்துட்டியே" என்று. விட முடியவில்லை. தெருவில் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். முதுகில் குத்தியிருக்கிறாய்.

பதினாறு வருஷம் இந்த வேலைக்காகக் காத்திருக்கிறேன். கொலை, கொள்ளை, சொத்துச் சண்டை என்று காலையிலிருந்து மாலைவரை பொய்யைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மேலே போனால் சாட்சி இல்லை, கூச்சல் இல்லை. கீழே நடந்தது சரியா என்று மூன்று பேர் உட்கார்ந்து யோசிக்கலாம். எனக்கு அது வேண்டும். அதில்தான் நீ கை வைத்திருக்கிறாய்.

தைரியம் இருந்தால், "ஆமாம், உனக்கு எதிராகத்தான் போட்டேன்" என்று எழுது. முகத்துக்கு நேராகச் சொல்லத்தான் வக்கில்லை, தபாலிலாவது சொல்.

தங்கை


பிப்ரவரி 18

சட்டாம்பிள்ளைக்கு,

போதும். உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்க முடியாமல், பின்னால் கண்ணாடி தேய்க்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். முதுகில் குத்தினேனா?

கேட்டுக்கொள். உனக்கு ஆதரவாகத்தான் போட்டேன். அந்த நாலில் ஒன்று என்னுடையது.

நடந்ததைச் சொல்கிறேன். நேர்காணல்கள் தொடங்கும் முன் தலைவர் பெயர்களை வாசித்துவிட்டு, "இவங்கள்ல யாராவது உங்க யாருக்காவது உறவா?" என்றார். தலைமை ஆசிரியை இல்லை என்று தலையாட்டினார். லாரி முதலாளி இல்லை என்றார். நான் கையைத் தூக்கத்தான் போனேன். சத்தியமாக. ஆனால் அதற்கு முன்பு தாழ்வாரத்தில் லாரி முதலாளி பேசியது காதில் இருந்தது. "அந்த மாவட்டத்து அம்மா வேண்டாங்க. ஓவர் கண்டிப்பு. என் டிரைவர் ரெண்டு பேர உள்ள தள்ளிடுச்சு." வக்கீல்களில் இரண்டு பேர் அவரோடு சேர்ந்து தலையாட்டினார்கள். எதிராக மூன்று பேர். விரலை மடக்கி எண்ணினேன். நான் வெளியே போனால் மூணுக்கு மூணு. உன் பெயர் போகாது.

கையைத் தூக்கவில்லை.

உன்மேல் அன்பு பொங்கி வழிந்து செய்தேன் என்று நினைத்துவிடாதே. நீ உள்ளே வந்து உட்கார்ந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அன்றைக்கு என் மகன் வழக்கில் நீ எழுந்து போனாயே, அதைப் போல நானும் உன்னை விட்டு எழுந்து போக மாட்டேன் என்று பிடிவாதம் வந்துவிட்டது. விதிப்படி எழுந்து போகிறவர்களால் பின்னால் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சிறையிலிருந்து வந்த பிறகு அவனை ஒருவரும் வேலைக்கு எடுக்கவில்லை. இப்போது என் கடையில்தான் லென்ஸ் தேய்க்கிறான்.

வழக்கை மாற்றியதைக்கூட விடு. உன் வேலை அப்படி. அன்று சாயங்காலம் நீ எங்கள் வீட்டுக்கு வந்திருக்கலாம். அதற்கு எந்தச் சட்டம் குறுக்கே நின்றது?

ஆலோசகரிடம் நான் பேசவில்லை. வேறு யார் பேசினார்கள் என்று நீயே விசாரி. அதுதானே உனக்குத் தெரிந்த தொழில்.

அண்ணன்


பிப்ரவரி 21

அண்ணா,

ஏன் இதை எழுதினாய்?

ஆலோசகர் விஷயத்தில் உன்மேல் பழி போட்டது தவறு. மூன்று பேரில் இன்னொருவரை நேற்று ஒரு கூட்டத்தில் பார்த்தேன். அவரிடமும் அதே கேள்வி, அதே வார்த்தை. எல்லோரிடமும் கேட்கிற வழக்கமான கேள்வியாம். "எனக்கும் தூக்கி வாரிப் போட்டுச்சு, என் மச்சான்தான் போட்டுக் கொடுத்துட்டான்னு நினைச்சேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ எனக்கு எதிராகப் போட்டிருந்தால் எனக்குக் கோபம்தான் மிச்சம். ஆதரவாகப் போட்டிருக்கிறாய். இப்போது அந்த நாலு, நாலு இல்லை. விதிப்படி மூன்றுதான். என் பெயர் ஆளுநர் மேசைக்கே போயிருக்கக் கூடாது. உன்னை நோண்டி நோண்டி நானே அதைத் தெரிந்துகொண்டேன். தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

படித்துவிட்டேன். படிக்காதவள்போல் எனக்கு நடிக்கத் தெரியாது. தலைவரிடம் நீயாகவே போய்ச் சொல்லிவிடு. நானாகச் சொல்வதைவிட நீயாகச் சொன்னால் உனக்கு மரியாதை.

தங்கை


பிப்ரவரி 24

தங்கைக்கு,

அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. நீயும் நானும் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. உன் வீட்டுக்காரர் குடும்பப் பெயர் வேறு, நம் பெயர் வேறு. ஏழு வருஷமாக ஒருவர் வாசலை ஒருவர் மிதித்ததில்லை. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

நேற்று தலைமை ஆசிரியை கடைக்கு வந்தார். ஆளுநர் உன் பெயரைத்தான் எடுத்து வைத்திருக்கிறாராம், அடுத்த வாரம் அறிவிப்பாம். ஆசிரியையே சொன்னார், "கண்டிப்பான ஆளு மேல வேணுங்க" என்று. அந்த அம்மா உனக்குத்தான் போட்டிருக்கிறார். அவர் வாக்கும் பொய்யா? மற்ற இருவருடையதும் பொய்யா? நீ அந்த வேலைக்குத் தகுதியானவள். அது எனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் உண்மை.

உன்னைப் பற்றி ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. மறைக்காமல் சொல்கிறேன். நீதி, விதி என்று நீ குதிப்பதில் பாதி, நீ சுத்தமானவள் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்பதற்காக. அதற்கு ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருக்கிறவன் தலை உருள வேண்டியிருக்கிறது. போன முறை என் மகன். இந்த முறை நான்.

குழுவிலிருந்து என்னைத் தூக்கினால் தூக்கட்டும். ஆனால் இந்த ஊரில் நான் கடை வைத்திருக்கிறேன். அப்பன் ஏமாற்றுக்காரன், மகன் சிறைப் பறவை என்று பேசுவார்கள். கொஞ்சம் யோசி.

அண்ணன்


மார்ச் 1

சட்டாம்பிள்ளைக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நீ பதில் எழுதாமல் இருந்தால் எங்கோ கிளம்பிவிட்டாய் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆகவே நான் முந்திக்கொண்டேன்.

நேற்று தலைவரைப் போய்ப் பார்த்தேன். இவள் என் தங்கை, கை தூக்காமல் உட்கார்ந்தது என் தப்பு என்று சொல்லிவிட்டேன். மனிதர் நேர்காணல் கோப்பை எடுத்துப் புரட்டினார். பிறகு, "அவங்க உங்கள அங்க பார்த்தாங்களா?" என்று கேட்டார். அங்கேதான் உன்னைக் காப்பாற்றினேன். உனக்குக் கிட்டப்பார்வை அதிகம், அன்றைக்குக் கண்ணாடி போடாமல் வந்தாய், கோடியில் இருந்தவனின் முகம் உனக்குத் தெரிந்திருக்கவே முடியாது என்று சொன்னேன். இருபத்தைந்து வருஷமாகக் கண்ணாடி விற்கிறவன் சொன்னால் யார் மறுப்பார்கள்? எத்தனை அடிக்கு மேல் மங்கும் என்றுகூட விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார்.

தப்பு முழுவதும் என் தலையில் விழும். உன்மேல் ஒரு தூசியும் படாது. வாக்கை மறுபடி எடுக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். யாராவது கேட்டால் நீ என்னைப் பார்க்கவில்லை. நினைவிருக்கட்டும். வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்துவிடாதே.

அண்ணன்


மார்ச் 4

அண்ணா,

உன் கடிதம் இன்று காலைதான் கிடைத்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வருகின்றன.

நான் நேற்று முன்தினமே தலைவரிடம் போய்விட்டேன். நீ அதற்கு முன்னால் வந்து போனது எனக்குத் தெரியாது, அவரும் சொல்லவில்லை. உடனே போகவில்லை என்பதையும் உனக்குச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் உன் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வழக்கு கேட்டேன். ஆலோசகர் மறுபடி கூப்பிட்டு, "அறிவிப்புக்கு ஒரு நல்ல புகைப்படம் அனுப்புங்க மேடம்" என்றார். அனுப்பினேன். இரண்டு படம் அனுப்பினேன். அதன் பிறகு என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் பார்த்தது, பார்த்தும் பேசாமல் இருந்தது, சாம்பல் நிறச் சட்டை, பென்சில். அவர் பேனாவைத் திறந்தார். "அந்தச் சுவர்ல இருக்கற அறிவிப்ப கொஞ்சம் படிங்க" என்றார். எதற்கென்று புரியாமல், தூரத்துச் சுவரில் இருந்ததைக் கடைசி வரி வரை படித்தேன், அடியில் இருந்த அச்சகத்தின் பெயர் உட்பட. "கண்ணாடி எப்பவாவது போடுவீங்களா?" என்றார். இல்லை, எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் நல்ல பார்வை, அண்ணன் கண்ணாடிக் கடை வைத்தும் எங்களில் ஒருவர்கூட அவருக்கு வியாபாரம் கொடுக்கவில்லை என்று பெருமையாக வேறு சொல்லித் தொலைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார். உன் கடிதம் வந்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது.

நீ எனக்காகச் சொன்ன பொய்யை நானே உடைத்துவிட்டேன். தெரிந்திருந்தாலும் உடைத்துத்தான் இருப்பேன். அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தெரிந்திருந்தால் முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

இப்போது குழுவுக்கே நம் இருவர்மேலும் சந்தேகம். மதியம் என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணனும் தங்கையும் முதலிலேயே கூடிப் பேசிக்கொண்டு நாடகம் ஆடுகிறார்களா, பகை என்பதே பொய்யா என்று கேட்கிறார்கள். ஏழு வருஷப் பகையை நிரூபிக்க வேண்டிய நிலைமையில் இருக்கிறோம். உன் கடிதங்களையும் என் நகல்களையும் ஒப்படைத்துவிட்டேன். நீ என்னை ஏசியிருப்பதைப் படித்தால் நம்புவார்கள் என்று நினைக்கிறேன். இந்தக் கடிதத்தையும் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் தபாலில் போடுகிறேன். அவர்கள் கண்ணுக்காக எழுதியது என்று நீ சந்தேகப்படுவாய். பட்டுக்கொள்.

என் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். மறுவாக்கெடுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வேலை எனக்கு வேண்டும், அண்ணா. எழுதிக் கொடுக்கும்போதும் வேண்டியிருந்தது, இப்போதும் வேண்டியிருக்கிறது. நான் சுத்தமானவள் என்று நாலு பேர் சொல்வதற்காகத்தான் குதிக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அதில் பாதி உண்மையாகவும் இருக்கலாம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. எழுத்தர்கூட இன்று என் முகத்தைப் பார்க்காமல் கோப்பை வைத்துவிட்டுப் போனார்.

விசாரணை இருபதாம் தேதி, தலைநகரில், குழு கூடுகிற அதே கட்டடத்தில். சாட்சிகள் அதுவரை ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது, எழுதக் கூடாது என்ற உத்தரவு நாளை காலை நம் இருவர் கைக்கும் வரும். நான் அதை மீற மாட்டேன். நீயும் மீறாதே. எனக்காக இன்னொரு பொய்யும் சொல்லாதே.

என்னை முதலில் கூப்பிடுவார்கள், பிறகு உன்னை. சாட்சி சொல்லி முடித்தவர் வீட்டுக்குப் போகலாம். நான் போக மாட்டேன். தாழ்வாரத்தில் ஒரு மர பெஞ்சு இருக்கிறது, அங்கே உட்கார்ந்திருப்பேன். உன்னை உள்ளே எவ்வளவு நேரம் குடைந்தாலும் சரி. நீ வெளியே வரும்போது அண்ணியும் உன் மகனும் கூட இருந்தால் இன்னும் நல்லது. திட்ட வேண்டுமென்றால் அவர்கள் முன்னாலேயே திட்டு. அதற்குப் பிறகு நாலு பேருமாகச் சேர்ந்து உங்கள் வீட்டுக்குப் போவோம். அழைத்துப் போவாய்தானே?

தங்கை